இரண்டாவது தும்மல்

செல்லப்பாவுக்குத் தும்மல் தனியாக வந்ததே இல்லை. கூட்டமாகத்தான் வரும். ஆறு, ஏழு, எட்டு என்று வரிசையாக வந்து ஆளை உலுக்கி எடுத்துவிட்டுத்தான் போகும். மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாக அடுக்கிய ஒரு கிட்டங்கியில் அவனுக்குக் குமாஸ்தா வேலை. அந்தக் கட்டடத்தில் எலிகூடத் தும்மிக்கொண்டேதான் ஓடும். அதனால் அங்கே அவனை யாரும் நோயாளியாக நினைக்கவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில்தான் வினை பிடித்தது.

பெண் பாக்கியலக்ஷ்மி. அவள் அப்பா முத்துராமலிங்கம் எர்ணாகுளத்தில் எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்திருந்தார். சகுனம் பார்ப்பதில் கரை கண்ட மனிதர். ஒற்றைத் தும்மல் காதில் விழுந்தால், படகுத்துறை வரை போயிருந்தாலும் திரும்பி வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, கொஞ்சநேரம் உட்கார்ந்து, பிறகுதான் மறுபடி கிளம்புவார். இரட்டைத் தும்மல் கேட்டுவிட்டால், போகிற வேலை எதுவும் இல்லாவிட்டாலும் சட்டையை மாட்டிக்கொண்டு எங்கேயாவது போய் வருவார். செல்லப்பா கேசரியை வாயில் போட்ட மாத்திரத்தில் தும்ம ஆரம்பித்ததும், அவர் கண்ணை மூடிக்கொண்டு விரல் மடக்கி எண்ணினார்.

"எட்டு. ரெட்டப்படை. சம்மதம்தான்," என்றார் கண்ணைத் திறந்து. "ஆனா தம்பி, இன்னைக்கு எட்டு விழுந்துச்சு, முகூர்த்தத்தன்னைக்கு என்ன விழும்னு யாரு கண்டா? தாலி கையில இருக்கும்போது ஒத்தையா விழுந்துச்சுன்னா, எம்மவளை மணையிலேர்ந்து எழுப்பிக் கூட்டிட்டுப் போயிருவேன். அப்புறம் எம்மேல வருத்தப்படக் கூடாது, கேட்டோ."

செல்லப்பா வருத்தப்படாமல் என்ன செய்வான்? பாக்கியலக்ஷ்மி கதவுக்குப் பின்னால் நின்று அவன் தும்முகிற ஒவ்வொரு தடவையும் வாயைப் பொத்திச் சிரித்ததை அவன் பார்த்துவிட்டான். அந்தச் சிரிப்பு அவனுக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. இந்தப் பெண் இல்லாவிட்டால் வேறு பெண் என்று அவனால் நினைக்க முடியவில்லை. தை மாதம் முகூர்த்தம். அதற்குள் இந்த மூக்கை வழிக்குக் கொண்டுவர வேண்டும்.

கொச்சி சர்வரோக சிகிச்சைப் பரிசோதனை நிலையம் அந்த வருஷம்தான், எழுபத்தொன்பதில், மட்டாஞ்சேரியில் ஒரு பழைய கொப்பரைக் கிட்டங்கியில் திறக்கப்பட்டிருந்தது. விக்கலுக்கு ஒரு பகுதி, சொறிக்கு ஒரு பகுதி, வழுக்கைக்கு ஒரு பகுதி, தும்மலுக்கு ஒரு பகுதி. உலகத்தில் யாரும் சாப்பிட்டுப் பார்க்காத மருந்துகளை ஊரார் சாப்பிட்டுப் பார்க்கலாம். வருகிறவர்களுக்குச் சாயாவும் பழம்பொரியும் உண்டு. ஆகவே வழுக்கைப் பகுதிக்கு நல்ல முடி உள்ளவர்களும் வந்து மொட்டையடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

டைரக்டர் டாக்டர் வெங்கிடேஸ்வரன் பாலக்காட்டுக்காரர். செல்லப்பாவுக்குப் பதினொன்று என்று நம்பர் போட்டு, ஒரு சிவப்புக் குளிகையைக் கையில் வைத்தார். பக்கத்தில் இருந்தவனுக்கு வெள்ளைக் குளிகை.

"இது மருந்துதானே சாரே?" என்று கேட்டான் செல்லப்பா.

"தெரியாது," என்றார் டாக்டர். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமிதம். "உள்ளே மருந்து இருக்கா, மாவு இருக்கான்னு எனக்குத் தெரியாது. கம்பவுண்டருக்கும் தெரியாது. அனுப்பின டில்லிக்காரனுக்குத் தெரியுமான்னு கேட்டா, அது நமக்குத் தெரியப்படாது. மத்த ஆஸ்பத்திரில டாக்டருக்கு ஒண்ணும் தெரியலைன்னா மூடி மறைப்பா. இங்கே தெரியாதுங்கறதுதான் சட்டமாக்கும். நான் இருபது வருஷமா இந்தத் துறையில இருக்கேன். இன்னிவரைக்கும் எனக்கு ஒண்ணுமே தெரியாது. அதனாலதான் என்னை டைரக்டரா போட்டிருக்கா."

செல்லப்பாவுக்குத் தலை சுற்றியது. ஆனால் இவ்வளவு பெரிய மனிதர் இவ்வளவு பெருமையாகச் சொல்கிறாரே, விஷயம் இருக்கும் என்று குளிகையை விழுங்கினான்.

தும்மலைப் பரிசோதிக்க வேண்டுமென்றால் முதலில் தும்மல் வர வேண்டும். அதற்காகத் துருத்தி வைத்து நோயாளிகளின் முகத்தில் மிளகுப்பொடி ஊதுவது என்று ஏற்பாடு. மிளகு மட்டாஞ்சேரியில் வாங்கியதுதான். ஆனால் அது தரப் பரிசோதனைக்கு டில்லிக்குப் போய், அங்கே முத்திரை குத்திக்கொண்டு, மழைக்காலம் வந்த பிறகுதான் திரும்பி வந்தது. வந்ததில் முத்திரை இருந்தது, காரம் இல்லை. ஊத ஊத நோயாளிகளுக்குத் தூக்கம்தான் வந்தது. கடைசியில் செல்லப்பா தன் கிட்டங்கியிலிருந்து கைக்குட்டையில் ஒரு பிடி முடிந்து கொண்டுவந்து கொடுத்தான். பரிசோதனை தொடங்கியது.

தும்மலை எண்ணுகிறவர் நாணு. ஒரு தும்மலுக்கு ஒரு தடவை கைமணியை அடிப்பது அவருக்கு உத்தியோகம். வருவதுபோல் வந்து, மூக்கு விடைத்து, வாய் பிளந்து, பிறகு வராமலே போய்விடுகிற தும்மலுக்கு மணி அடிப்பதா வேண்டாமா என்று ஒரு கமிட்டி கூடியது. மூன்று தடவை சாயா குடித்த பிறகு, அப்படிப்பட்ட தும்மலுக்கு மணியைக் கையில் எடுக்கலாம், அடிக்கக்கூடாது என்று முடிவாயிற்று. நாணு மிகவும் நேர்மையான மனிதர். ஒரு தும்மலையும் அவர் விட்டதில்லை. வழியில் யாராவது தும்மினாலும் பையிலிருந்து மணியை எடுத்து அடித்துவிட்டுத்தான் நடப்பார்.

எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோதுதான் மூக்கம்மாள் வாயைத் திறந்தாள்.

மூக்கம்மாள் நிலையத்தில் கூட்டிப் பெருக்குகிறவள். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. யார் தும்மினாலும் கை விளக்குமாற்றில் இருக்கும், வாய் தானாகச் சொல்லும்: "நூறு!" அடுத்த தும்மலுக்கு "இருநூறு!" அவள் ஊரில் பிறந்த பிள்ளையிலிருந்து சாகக் கிடக்கிற கிழவர் வரைக்கும், தும்மினால் ஆயுசு கூட்டிச் சொல்வது வழக்கம். செல்லப்பா ஏழு போட்டதும் "எழுநூறு! நல்லாயிரு ராசா" என்று சொல்லிவிட்டுக் குப்பையை அள்ளினாள்.

டாக்டர் வெங்கிடேஸ்வரன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"நிறுத்து! யாரைக் கேட்டுண்டு நீ சிகிச்சை கொடுத்தாய்?"

"நான் எங்கய்யா குடுத்தேன்? நூறுன்னேன்."

"அதுதானே! ஆசீர்வாதம்! டில்லி அனுமதிக்காத ஒரு மருந்தைக் குளிகையோட கலந்து கொடுத்திருக்காய். அதுவும் எழுநூறு வருஷம்! ஒரு மனுஷனுக்கு எவ்வளவு ஆயுசு தாங்கும்னு யாராவது பரிசோதிச்சிருக்காளா? நாளைக்கு இவன் சாகாம கிடந்தா நிலையம்தானே பதில் சொல்லணும்?"

மூக்கம்மாளுக்கு வேலை போய்விடும் போலிருந்தது. ஆனால் டாக்டருக்கு இரண்டு நாளில் புது யோசனை வந்தது. ஆசீர்வாதத்தையும் பரிசோதித்துவிட்டால் போகிறது. பாதிப் பேருக்கு மூக்கம்மாள் "நூறு" சொல்வாள். மீதிப் பேருக்கு அதே குரலில், அதே பிரியத்தோடு, "கத்தரிக்காய்" சொல்வாள். யாருக்கு எதைச் சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரியக்கூடாது என்பதால் நடுவில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டார்கள். எதைச் சொல்கிறோம் என்பதும் தெரியக்கூடாது என்று டாக்டருக்கு ஆசை. பக்கத்துத் தெருக் குஜராத்தி சேட்டிடம் சொல்லி இரண்டு சொல்லையும் குஜராத்தியில் எழுதி வாங்கினார். மூக்கம்மாளுக்குத் தமிழே வாசிக்கத் தெரியாது என்பதால் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது.

பதினொன்றாம் நம்பருக்குக் கத்தரிக்காய் விழுந்தது. செல்லப்பா குடல் தெறிக்கத் தும்மிவிட்டு நிமிர்ந்தால், போர்வைக்குப் பின்னாலிருந்து ஒரு தாயின் குரல் உருக்கமாகச் சொல்லும்: "கத்தரிக்காய்! கத்தரிக்காய், ராசா!"

கேரளத்தில் ஒருவனுக்குக் கிடைப்பது இன்னொருவனுக்குக் கிடைக்கவில்லை என்றால் என்ன நடக்கும் என்று டாக்டர் யோசித்திருக்க வேண்டும். தும்மல் நோயாளிகளில் பாதிப் பேர் மூட்டை தூக்குகிறவர்கள். கத்தரிக்காய்க்காரர்கள் அன்றைக்கே சங்கம் வைத்தார்கள். கொடி வந்தது. வாசலில் பந்தல் வந்தது. சங்கச் செயலாளர் முகமது இஸ்மாயில் சுமைத்துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, தும்மலுக்கு நடுவே கோஷம் கொடுத்தார்:

"நூறு தா, நூறு தா! எல்லாவனுக்கும் நூறு தா! கத்தரிக்காய் முதலாளித்துவம்... ஹச்... ஒழிக!"

செல்லப்பாவையும் இழுத்துப் பந்தலில் உட்கார வைத்தார்கள். "எனக்கு ஆயுசு வேண்டாம் சேட்டா, தை மாசத்துக்குள்ள தும்மல் நின்னா மதி, அது போதும்," என்று அவன் கெஞ்சிப் பார்த்தான். "தனியா குணமாகப் பார்க்கறியா? கருங்காலி!" என்றார் முகமது இஸ்மாயில்.

தொழில் தகராறு அதிகாரி ஆலுவாவிலிருந்து ஜீப்பில் வந்தார். இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி, கடைசியில் உடன்பாடு கண்டார். இனி எல்லா நோயாளிக்கும் ஒரே மாதிரி ஆசீர்வாதம். ஆனால் நூறு என்பது நிலையத்துக்குக் கட்டுப்படியாகாது. அறுபத்தைந்து. ஓணத்துக்குப் போனஸாக ஐந்து வருஷம் கூடுதல். கைதட்டல் எழுந்தது. அதற்குப் பிறகு யார் தும்மினாலும் மூக்கம்மாள் "அறுபத்தஞ்சு!" என்று சொல்லப் பழகிக்கொண்டாள். சுக்குக் கடையிலிருந்து வந்த ஒரு பெரியவருக்கு ஏற்கெனவே அறுபத்தெட்டு. அவர் அந்த ஆசீர்வாதத்தைக் கேட்டதும் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

இத்தனை கூத்துக்கும் நடுவே ஒரு அதிசயம் நடந்தது. செல்லப்பாவின் தும்மல் குறைய ஆரம்பித்தது. ஏழு ஐந்தாயிற்று, ஐந்து மூன்றாயிற்று. கார்த்திகை பிறந்தபோது நாணுவின் மணி ஒரே ஒரு தடவை ஒலித்து ஓய்ந்தது. மறுநாளும் ஒன்று. அதற்கடுத்த நாளும் ஒன்றே ஒன்று.

"வெற்றி!" என்று டாக்டர் குதித்தார். "ஏழு வந்த இடத்துல ஒண்ணு! டில்லிக்குத் தந்தி அடியுங்கோ!"

ஏழு எட்டு வந்தபோதாவது ஒற்றையோ இரட்டையோ, பாதிக்குப் பாதி பிழைக்க வழி இருந்தது. இப்போது செல்லப்பாவுக்கு நிச்சயமாக ஒற்றைத் தும்மல்! எமனைக் கூப்பிட்டுக் கல்யாணப் பத்திரிகை கொடுத்தது மாதிரி ஆயிற்று.

"சார், கையெடுத்துக் கும்பிடறேன். ஒண்ணு முழுசா நிறுத்துங்க, இல்லேன்னா ரெண்டாக்குங்க. ஒத்தையா மட்டும் விட்டுடாதீங்க," என்று காலில் விழாத குறையாகச் சொன்னான்.

"அதெப்படி? பாதி வழில அளவை மாத்தப்படாது. பரிசோதனை கெட்டுப்போகும்."

"என் கல்யாணம் கெட்டுப் போகுமே சார்!"

"கல்யாணம் நம்ம பரிசோதனைல வரல்லையே," என்றார் டாக்டர், நிஜமான அனுதாபத்தோடு. "ஆனா ஒண்ணு. முகூர்த்தத்தன்னிக்கு உங்களைக் கவனிக்காம விட முடியாது. நாங்க எல்லாரும் வந்துடறோம். சாப்பாட்டுக்கு எத்தனை மணி?"

செல்லப்பாவுக்கு மிஞ்சிய நம்பிக்கை கெட்டிமேளம் ஒன்றுதான். தாலி கட்டும் நேரத்தில் அபசகுனச் சத்தம் எதுவும் காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளம் கொட்டுகிறார்கள்? இரண்டு தவில் போதாது என்று நான்கு தவிலுக்குச் சொல்லி வைத்தான். தவில்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, என் மூக்கைப் பாத்துக்கிட்டே இருங்க. விடைச்சா அடிங்க. கை வலிச்சாலும் விடாதீங்க," என்று சொன்னான்.

முகூர்த்தம் வந்தது. ஓமப் புகை எழுந்தது. செல்லப்பா தாலியைக் கையில் வாங்கினான். மூக்கின் நுனியில் ஒரு எறும்பு ஊர்ந்தாற்போல் இருந்தது. தவில்காரர் பார்த்துவிட்டார். மண்டபமே இடிந்து விழுகிற மாதிரி நான்கு தவிலும் முழங்கின. அந்த முழக்கத்துக்குள் செல்லப்பா தும்மினான். ஒரு காக்கைக்கும் கேட்கவில்லை. முத்துராமலிங்கம் அட்சதையோடு சிரித்தபடி நின்றார். செல்லப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போது முதல் வரிசையில் உட்கார்ந்து தும்மலைக் கண்ணால் கண்டுவிட்ட நாணு, கடமை தவறாமல், பையிலிருந்து கைமணியை எடுத்து ஓங்கி ஒரு அடி அடித்தார்.

மணிச்சத்தம் கேட்டதும், மேளத்தை நிறுத்தச் சொல்கிறார்கள் என்று நினைத்துத் தவில்காரர்கள் சட்டென்று நிறுத்தினார்கள். ஊசி விழுந்தால் கேட்கிற அந்த அமைதியில், பெண்கள் பக்கத்திலிருந்து மூக்கம்மாளின் குரல் பிரியமாக எழுந்தது: "அறுபத்தஞ்சு!"

முத்துராமலிங்கம் அட்சதையைக் கீழே போட்டார்.

"ஒத்தை," என்றார். "ஒத்தைதானே? பாக்கியம், எந்திரி."

பாக்கியலக்ஷ்மி எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்தபடியே, "இன்னொண்ணு போடுங்களேன்," என்று செல்லப்பாவின் காதில் கிசுகிசுத்தாள். அவன் முயற்சி செய்தான். புகையை இழுத்தான். மூக்கைத் தேய்த்தான். முகம் சிவந்ததுதான் மிச்சம். "வரல்ல," என்றான், அழாத குறையாக.

அப்போதுதான் டாக்டர் வெங்கிடேஸ்வரன் மேடையேறினார்.

"ஒத்தைன்னு யார் சொன்னா?" என்று கேட்டார் கோபமாக. "நான் இதுக்குன்னே படிச்சவன். எனக்கே தெரியாது. பாத்திரக்கடைக்காரர் உமக்கெப்படித் தெரிஞ்சது? இப்போ ஒரு தும்மல் வந்திருக்கு, சரி. அடுத்தது வராதுன்னு நிரூபணம் உண்டா? அடுத்த நிமிஷம் வரலாம். அடுத்த மாசம் வரலாம். கண்காணிப்புக் காலம் முடியறவரைக்கும் இது ஒத்தையும் இல்லை, ரெட்டையும் இல்லை. இது வெறும் சம்பவம்!"

"கண்காணிப்பு எப்ப முடியும்?" என்றார் முத்துராமலிங்கம், கொஞ்சம் கலங்கிப்போய்.

"தெரியாது!"

அந்தச் சொல்லை அவர் சொன்ன கம்பீரத்தைப் பார்த்து மண்டபமே நிமிர்ந்து உட்கார்ந்தது. முத்துராமலிங்கம் யோசித்தார். சகுனம் ஆகாது என்றால் பெண்ணைக் கூட்டிப் போகலாம். சகுனம் என்னவென்றே தெரியாவிட்டால் என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நல்ல நேரம் வேறு போய்க்கொண்டிருந்தது.

"சரி, தாலி கட்டட்டும்," என்றார் கடைசியில். "ஆனா ரெண்டாவது தும்மல் விழுந்தப்புறம்தான் எம்மவ இவர் வீட்டுக்கு வருவா. அதுவரைக்கும் எங்கூடத்தான் இருப்பா."

செல்லப்பா தாலி கட்டினான். அன்றையிலிருந்து அவனுக்குத் தும்மலே வரவில்லை.

வரவே இல்லை. மிளகு மூட்டைக்குள் தலையை விட்டுப் பார்த்தான். மூக்குப்பொடி வாங்கிப் போட்டான். காகிதத்தைத் திரித்து மூக்கில் விட்டான். ஊரே தும்முகிற கிட்டங்கியில் அவன் ஒருவன் மட்டும் கல் மாதிரி உட்கார்ந்திருந்தான். ஒருநாள் பொய்யாகத் தும்மியும் பார்த்தான். "இது தொண்டையிலேர்ந்து வருது, மூக்கிலேர்ந்து வரல்ல," என்று மாமனார் ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் படகேறி எர்ணாகுளம் போவான். மாமனார் வீட்டுக் கூடத்தில் ஒரு நாற்காலியில் அவனை உட்கார வைப்பார்கள். எதிரே டாக்டரும் மணியோடு நாணுவும். அவர்களுக்கு இட்லி, வடை, காப்பி. செல்லப்பா தும்முவான் என்று எல்லோரும் அவன் மூக்கையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கதவோரம் நின்று பாக்கியலக்ஷ்மியும் பார்ப்பாள். முதலில் சிரித்துக்கொண்டு பார்த்தாள். பங்குனி வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. கட்டின மனைவியைப் பார்க்க வந்து, ஒரு வார்த்தை பேசாமல் சாயங்காலப் படகில் திரும்பிப் போகிற அவனைப் பார்க்க அவளுக்கு அழுகையாக வந்தது. செல்லப்பாவுக்கும் படகில் உட்கார்ந்தால் அழுகைதான் வந்தது.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டாக்டர் மூன்றாவது வடையை எடுத்தபோது, பாக்கியலக்ஷ்மி கையில் டிரங்குப் பெட்டியோடு கூடத்துக்கு வந்தாள். சமையலறை அம்மியில் நுணுக்கிய மிளகுப்பொடியை உள்ளங்கையில் வைத்திருந்தாள். எல்லோரும் பார்க்க அதை மூக்கருகே கொண்டுபோய், ஒரு இழுப்பு இழுத்து, ஓட்டுக்கூரை அதிர ஒரு தும்மல் போட்டாள். தொண்டையிலிருந்து வரவில்லை. சுத்தமாக மூக்கிலிருந்து வந்தது.

நாணு மணியை அடித்துவிட்டார். அவரால் அடிக்காமல் இருக்க முடியவில்லை.

"இந்தாங்கப்பா," என்றாள் பாக்கியலக்ஷ்மி, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "தாலி கட்டினப்புறம் புருஷன் வேற, பொண்டாட்டி வேறயா? அவரு போட்டது ஒண்ணு. நான் போட்டது ஒண்ணு. ரெண்டாச்சு."

முத்துராமலிங்கம் திகைத்துப்போய் டாக்டரைப் பார்த்தார். "இது... இது அந்தக் கணக்குல சேருமா சாரே?"

டாக்டர் வெங்கிடேஸ்வரன் வடையைக் கீழே வைத்தார். எழுந்து நின்றார். இருபது வருஷ அனுபவமும் அவர் முகத்தில் ஒளி வீசியது.

"தெரியாது," என்றார். "புதுப் பரிசோதனை தொடங்கணும். புருஷன் பொண்டாட்டி ஜோடியா ஒரு நூறு பேர் வேணும். டில்லிக்கு எழுதினா நாலு வருஷத்துல..."

"நீங்க எழுதிட்டே இருங்க," என்றாள் பாக்கியலக்ஷ்மி. "எங்களுக்குப் படகு போயிரும்."

பெட்டியைத் தூக்கிச் செல்லப்பாவின் கையில் கொடுத்தாள். நாற்காலியிலிருந்து எழ மறந்து உட்கார்ந்திருந்த அவனைத் தோளைப் பிடித்து எழுப்பினாள். இருவரும் வாசலைத் தாண்டினார்கள். இரட்டைத் தும்மல் கேட்டபின் கிளம்புகிறவர்களைத் தடுக்க முத்துராமலிங்கத்துக்கு மனம் வரவில்லை. பழக்கதோஷத்தில் அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே படகுத்துறை வரை நடந்து வந்துவிட்டார். வந்த பிறகு என்ன செய்வது என்று தெரியாமல், மகளுக்கு ஒரு சீப்பு ஏத்தம்பழம் வாங்கிக் கொடுத்தார்.

படகு நகர்ந்தது. கரையில் டாக்டர் இரண்டு குளிகைகளைக் கையில் உயர்த்திக் காட்டியபடி, "பன்னிரண்டாம் நம்பர்! பன்னிரண்டாம் நம்பர்!" என்று பாக்கியலக்ஷ்மியைக் கூவி அழைத்துக்கொண்டு ஓடி வந்தார். அவள் பழத்தை உரித்துப் பாதியைச் செல்லப்பாவிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். சந்தோஷத்தில் அவன் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. மூக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.